செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்துடன் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரத்தக்குழாய் வகை எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோயுள்ள குடும்பங்களின் சங்கமாகிய நாம், சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு பக்கவாத அபாயத்தையே முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டோம். சிஓஎல்3ஏ1 மரபணுக் கோளாறால் இந்நோயில் மூன்றாம் வகைக் கொலாஜன் சரிவர உருவாவதில்லை. தமனிகளுக்கும் குடலுக்கும் கருப்பைக்கும் வலுவூட்டும் புரதம் அதுவே என்பதால், அடிபடாமலும் ரத்த அழுத்தம் உயராமலும்கூடத் தமனி கிழியக்கூடும். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கு உறையும் ரத்தம் மூளைக்குச் செல்லும் ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. இளம் வயதில் பக்கவாதம் வராது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது. 2000ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்றில், நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளும், 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு 40 வயதுக்குள்ளும் தமனி அல்லது குடல் கிழிதல் போன்ற முதல் பெருஞ்சிக்கல் நேர்ந்திருந்தது.

இவ்வாண்டின் பணிகளில் மிக முக்கியமானதாக நான் கருதுவது அவசர அட்டையே. திடீரென ஒருபக்கக் கழுத்துவலி, இமை தாழ்தல், கண் சிவந்து பிதுங்குதல், காதில் நாடித்துடிப்பு போன்ற ஓசை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அதன் முன்பக்கம் கூறுகிறது. பின்பக்கம் மருத்துவருக்கானது: தமனிக்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் இந்நோயாளிகளின் தமனியையே கிழிக்கக்கூடும் என்பதால், அக்குழாய் இல்லாமல் ஸ்கேன் மூலம் எடுக்கும் சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராமை முதலில் கருதுமாறும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தருமுன் நோயின் தன்மையை எடைபோடுமாறும் அது வேண்டுகிறது. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவரால் நோயின் பெயரைச் சொல்ல இயலாது. ஆகவே அட்டை எப்போதும் அவரிடமே இருக்க வேண்டும்.

மருந்துகள் பற்றிய கூட்டத்தில், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தான செலிப்ரோலால் பற்றி 2010இல் வெளியான ஆய்வு விரிவாக விளக்கப்பட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 53 பேரிடம் நடந்த அவ்வாய்வில், மருந்து பெற்றோரில் 20 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 50 விழுக்காட்டினருக்கும் தமனிச் சிக்கல்கள் ஏற்பட்டன. எண்ணிக்கை சிறிது, ஆயினும் நமக்குக் கிடைத்த மிக உறுதியான நம்பிக்கை இதுவே. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் பெருந்தமனியைப் பாதிக்கக்கூடும் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்ததையும், சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போதும் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மறுபுறம், நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இருப்பதில்லை. எனவே மரபணுப் பரிசோதனைக்கு உதவும் நிதியை வரும் ஆண்டும் தொடர, செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வறிக்கையையும் நிதித் தீர்மானத்தையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்