நீத்துப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி

பேர்கன், நோர்வே,
நவம்பர், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள அம்மா,

போன கிழமை வீடியோவில் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தலையில் போட்டிருக்கிறாய்?" என்று சிரித்தீர்களே, அந்தத் தொப்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் லைன் விட்டு விட்டு வருகிறது.

அது நானே பின்னி விற்கிற தொப்பி. வேலையை விடவில்லை, அப்பாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். நோர்வே என்றால் அவருக்கு இன்னும் நோர்வேக்காரரின் உதவியில் வந்த சீநோர் மீன்வலைதான் ஞாபகம், மகள் கம்பளி பின்னுகிறாள் என்றால் நம்பமாட்டார்.

இந்த ஊரில் வருசத்தில் 200 நாளுக்கு மேல் மழை. குடை பிடித்தால் காற்று புரட்டி எறிந்துவிடும், அதனால் எல்லாரும் தொப்பியோடுதான் திரிவார்கள். ஆட்டுக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உறிஞ்சினாலும் கைக்கு ஈரமாகவே தெரியாது, சூடும் விடாது. ஆனால் இங்கத்தைய ஆட்டுக் கம்பளி கொஞ்சம் முரடு, நெற்றியில் அரிக்கும். அதனால் நெற்றிப் பட்டிக்கு உள்பக்கம் மெரினோ என்ற மெல்லிய ஆட்டுக் கம்பளியை வைத்துப் பின்னுகிறேன். சந்தையில் தொப்பியை எடுத்துப் பார்க்கிறவர்கள் விலைக்கு முன்னம் கேட்பது "அரிக்குமா?" என்றுதான்!

முதல் வருசம் நல்லாக ஏமாந்தேன். அல்பாக்கா என்று ஒட்டக இனத்து மிருகம் ஒன்று, அதன் மயிர் பட்டு மாதிரி இருக்கிறது, வடிவாக மினுங்குகிறது என்று ஆசைப்பட்டு தனி அல்பாக்காவிலேயே பதினைந்து தொப்பி பின்னினேன். அதற்கு ஆட்டுக் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பிச் சுருங்குகிற குணம் இல்லை, அது எனக்குத் தெரியாது. இரண்டு கிழமையில் ஒரு மனுசி திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தொப்பியைப் போட்டுக் காட்டினார், கண்ணை மூடி மூக்கில் நின்றது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அல்பாக்காவைக் கலந்துதான் பின்னுவேன், பட்டிக்கு ஆட்டுக் கம்பளி மட்டும்.

கணக்கும் இருக்கிறது அம்மா. தலைச் சுற்றளவு 56 சென்ரிமீற்றர் என்றால் தொப்பி 50 அளவில் இருக்கவேண்டும், அப்போதுதான் பிடிக்கும். என் கைக்கு 10 சென்ரிமீற்றருக்கு 22 பின்னல் கண், அப்படியென்றால் 110. இரண்டு கண் முன்பக்கம், இரண்டு கண் பின்பக்கம் என்று மாறி மாறிப் பட்டி பின்ன நாலால் பிரிபட வேண்டும், ஆகவே 112. உச்சிக்கு வரும்போது அதை எட்டுப் பங்காகப் பிரித்துக் குறைத்துக்கொண்டு போனால் கூராக மூடும். நீத்துப்பெட்டி என்று நீங்கள் சொன்னது சும்மா பகிடி இல்லை, உண்மையிலேயே அதே கூம்புதான், நீங்கள் பனஞ்சார்வோலையில் கீழிருந்து விரித்துக்கொண்டு போவதை நான் மேலே போகப் போக ஒடுக்குகிறேன்.

பின்னப் பழக்கியது பக்கத்து வீட்டு வயதுபோன அம்மா. அவரிடம் செல்பூ என்ற ஊர்க் கையுறை ஒன்று இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் எட்டு இதழ்ப் பூ. 1857இல் மாரித் எம்ஸ்தாட் என்ற பெண்பிள்ளை முதலில் பின்னியதாம், பிறகு ஊரே அதைப் பின்னி விற்றுப் பிழைத்திருக்கிறது. அதைப் பார்த்தவுடன் எனக்கு உங்கள் மூடுபெட்டிதான் நினைவுக்கு வந்தது, சிவப்பும் ஊதாவும் சாயம் காய்ச்சிய ஓலையில் மூடியில் போடுவீர்களே, அந்தப் பூ. செல்பூப் பூவை இங்கே எல்லாரும் போடுகிறார்கள், நானும் போட்டால் யார் வாங்குவார்? அதனால் உங்கள் பூவைப் போட்டேன்.

முதல் தரம் பூ சப்பட்டையாக வந்தது. ஓலைக் கட்டம் சதுரம், பின்னல் கண்ணோ அகலம் கூட, உயரம் குறைவு. கட்டத்தாளையே அதற்கேற்றபடி கீறி மாற்றியபிறகுதான் சரிவந்தது. இப்போது சாயம் போடாத வெள்ளை, சாம்பல், மண்ணிறத்தில் அந்தப் பூ, அதுதான் கூட விற்கிறது.

லாபமா? ஒன்று 480 குரோனர். நூலுக்கு 150 போய்விடும், எட்டு மணித்தியாலம் பின்ன வேண்டும். பிரித்துப் பாருங்கள், மணிக்கு 41 குரோனர், ஒரு கோப்பி குடிக்கக் காணாது. கடையில் வைத்தால் அவர்களும் பங்கு கேட்பார்கள், அதனால் நத்தார்ச் சந்தையில் நானே நிற்கிறேன், கால் விறைக்க விறைக்க. என்றாலும் பஸ்சில் முன்னுக்கு இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரின் தலையில் உங்கள் மூடுபெட்டிப் பூவைக் கண்டால், இறங்குமட்டும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, இப்போது உங்களிடம் ஒரு வேலை. பழைய பெட்டிகளில் இருக்கிற வேறு பூக்களையும் கரைகளையும் தம்பியின் கணக்குக் கொப்பியில் கட்டம் கட்டமாகக் கீறி அனுப்புங்கள். அகலம் 14 கட்டம், அல்லது 16, அதற்குள் முடியவேண்டும், அப்போதுதான் 112 கண்ணில் மிச்சமில்லாமல் சுற்றிவரும். ஒரே நிறம் ஐந்து கட்டத்துக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது, பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்கி விரலில் மாட்டும். உயரம் உங்கள் விருப்பம். கண் தெரியவில்லை என்றால் தம்பியைக் கீறச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், அவன் அவசரத்தில் ஒரு கட்டம் விட்டாலும் பூ கோணிவிடும்.

அப்பாவுக்கு ஒரு தொப்பி அனுப்புகிறேன். யாழ்ப்பாண வெயிலில் எதற்கு என்று கேட்பார், மார்கழி விடியப்புறம் போடட்டும்.

அன்பு மகள்