தலைமாட்டில் ஒரு அடை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் ஞாயிறு மலரில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராத்திரி செல்போனைத் தள்ளி வைக்க வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் காபி கூடாது என்பதெல்லாம் சரிதான். ஆனால் 8 லட்ச ரூபாய் லீஸ் பணம் மாட்டிக்கொண்ட வீட்டில் காபியை நிறுத்தினால் தூக்கம் வந்துவிடுமா?

பெங்களூரில் லீஸ் என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி பண்ணும்போது பணம் கைக்கு வரவேண்டும். எங்களுக்கு வரவில்லை. வீட்டுக்காரர் அதே வீட்டின் மேல் கடன் வாங்கியிருந்தார் என்பதே கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ராத்திரி 2.30-க்கு முழிப்பு. எழுந்து அடுப்படி லைட்டைப் போட்டுக்கொண்டு கரன்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போடுவேன், நகைக்கு இவ்வளவு, சீட்டில் இவ்வளவு, பையன் ஃபீஸ் இவ்வளவு என்று. நேற்று போட்ட அதே கணக்குதான், விடையும் அதேதான். என் மாமியாரோ பைபிளில் உள்ள 121-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, நம்மைக் காக்கிற ஆண்டவர் 'உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை' என்று முடித்த இரண்டாவது நிமிஷம் குறட்டை விடுவார். எரிச்சலாக வரும்.

ஜெபக்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "விசுவாசம் குறைச்சலா இருக்கு சிஸ்டர், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே" என்றார் ஒருவர். சரி, அதுவரை பணக்கவலை மட்டும் இருந்தது, அப்புறம் கவலைப்படுகிறேனே என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. அந்த வசனம் (மத்தேயு 6:34) எப்படி முடிகிறது என்று அவரும் யோசிக்கவில்லை, அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை. 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.' பாடு உண்டு என்று இயேசு ஒத்துக்கொள்கிறார், நாளைக்கு உள்ளதை இன்றைக்கே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளாதே என்கிறார், அவ்வளவுதான். தூக்கம் வராதவளைத் திட்டுவதற்கு அதில் எந்த இடமும் இல்லை.

எனக்கு உதவியது எலியா தீர்க்கதரிசி. பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார், அதுவும் கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அத்தனை பெரிய ஜெயத்துக்குப் பிறகு. அப்போது வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசத்தை அளக்கவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொள்கிறார், தூதன் விட்டுவிடுகிறான்! இரண்டாம் தடவை எழுப்பும்போதும் சாப்பாடுதான், போகவேண்டிய தூரம் அதிகம் என்பதால்.

இதைப் படித்த வாரம்தான் டாக்டரிடம் போனேன். ஒரு மாசம் மாத்திரை. (மாத்திரை போட்டால் விசுவாசக் குறைச்சல் என்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேதம் வாசிக்கிறார்கள்.) கணக்கை இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவரோடு உட்கார்ந்து ஒரே தடவை போடுகிறோம், போட்டதும் காகிதம் பைபிளுக்குள் போய்விடும். அப்புறம் குடும்ப ஜெபம், 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்.' முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். 14416, டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். ராத்திரி 2.30-க்கும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான் அதற்குத் தலைமை மையம். உங்கள் பெங்களூர் பதிப்பில் ஞாயிறுதோறும் இந்த எண்ணை ஒரு மூலையில் போடுங்கள். சபைகளும் அறிவிப்புகளோடு அறிவிப்பாக வாசிக்கலாம்.

லீஸ் பணத்தில் 5 லட்சம் வந்துவிட்டது. மீதி இழுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி மழைச் சத்தத்தில் முழிப்பு வந்தது, கொடியில் கிடந்த பையன் யூனிஃபார்மை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்து படுத்துத் தூங்கிவிட்டேன்.

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
லிங்கராஜபுரம், பெங்களூரு