விளைச்சல் வேண்டாத வெள்ளாமை

ஃபைஃப், ஸ்காட்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. கோல்ஃப் மைதானம் என்று 130 ஏக்கரில் வெறும் புல்லை வளர்த்து, அதற்கு நீரும் உரமும் மருந்தும் கொட்டுவது பாவமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டினால் பாவம்தான். கொட்டாமல் வளர்ப்பதுதான் இங்கே எங்கள் வேலை. மண்ணை அறிந்தவர் நீங்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பயிர்த்தொழிலில் நாம் கற்றதை இங்கே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். அறுவடை கிடையாது. புல் தடித்து வளர்ந்தால் நஷ்டம்: அடிக்கடி வெட்ட வேண்டும், டீசல் செலவாகும், வேருக்கு மேலே சருகு மெத்தை கட்டும், பூஞ்சை வரும். அரைப் பசியிலும் அரைத் தாகத்திலும் வைத்த புல்தான் வேரை ஆழமாக விடும். பந்து உருள உறுதியான தரையும் தரும்.

18 குழி கோல்ஃப் மைதானத்தில், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான கிரீன்கள் அத்தனையும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர்தான். பந்தை முதலில் அடிக்கும் டீ மேடைகளும் ஏறத்தாழ அவ்வளவே. இடையில் ஓடும் ஃபேர்வே பத்துப் பன்னிரண்டு ஹெக்டேர் வரும். மற்றதெல்லாம் ரஃப் என்னும் உயர்ந்த புல்லும் புதரும் மணல்மேடும். ஆகவே நீரும் உரமும் அந்த ஒரு ஹெக்டேரைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

கடலோர மணல் நிலத்துக்கு உரிய புல் ஃபெஸ்க்யூ. அதோடு பென்ட் என்ற மெல்லிய புல்லும் கலந்திருக்கும். இவற்றுக்குப் பகை போவா அன்னுவா என்ற ஓராண்டுப் புல். ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) எங்கே மிஞ்சுகிறதோ அங்கே அது நுழையும். வேர் மேலாக இருப்பதால் வெயிலில் முதலில் வாடும், குளிரில் முதலில் நோய் வாங்கும். அதைக் காப்பாற்ற இன்னும் நீர், இன்னும் மருந்து என்று செலவு சுழன்றுகொண்டே போகும். மருந்து தெளித்து அதை ஒழிப்பதைவிட, அது விரும்பும் வாழ்க்கையைக் கொடுக்காமல் இருப்பதே வழி. ஃபெஸ்க்யூ கிரீனுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 40 முதல் 60 கிலோ தழைச்சத்து போதும். போவா நிறைந்த கிரீன்களுக்கு 150 கிலோவுக்கு மேலும் போடுபவர்கள் உண்டு. எங்கள் குறைந்த அளவையும் நாங்கள் ஒரே தடவையில் போடுவதில்லை. தடவைக்கு 4, 5 கிலோ வீதம் அம்மோனியம் சல்ஃபேட்டைக் கரைத்துத் தெளிக்கிறோம். நீங்கள் அறிந்த அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சிறிதளவு சேர்ப்போம். இலை இறுகும், பாசி கருகும். எப்போது போடுவது என்பதை நாட்காட்டி சொல்லாது. வெட்டிய புல்லை வாளியில் அளந்து எழுதி வைக்கிறோம். அளவு கூடினால் உரம் நிற்கும். மண் வெப்பம் 6 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது போட்ட உரத்தைப் புல் அநேகமாக எடுக்காது. மழையோடு நிலத்தடி நீருக்குத்தான் போய்ச் சேரும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் கிரீனுக்கு 4 மில்லிமீட்டர் விட்டால் 40,000 லிட்டர். அதே அளவை 12 ஹெக்டேர் ஃபேர்வேக்கு விட்டால் 4,80,000 லிட்டர். அதனால்தான் இங்கே பல கடலோர மைதானங்களில் ஃபேர்வேயை வானத்துக்கே விட்டுவிடுகிறார்கள். கோடையில் அது வைக்கோல் நிறமாகும். ஃபெஸ்க்யூ சாகாது, உறங்கும், மழை வந்ததும் தளிர்க்கும். பச்சையாக இல்லையே என்று ஆட வருபவர்கள் முறையிடத்தான் செய்வார்கள். பந்து உருளத் தேவையானது நிறமல்ல, தரையின் இறுக்கம் என்பதைப் பொறுமையாக விளக்குவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். என் பார்வையில் மிகக் கடினமான பகுதி அதுதான்.

கிரீனில் ஈரமானியை இருபது முப்பது இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக 15 முதல் 25 சதவீதம் ஈரம் இருந்தால் நல்லது. குறைந்த இடத்துக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து நீர் விட வேண்டும். தெளிப்பான்களைத் திறப்பதற்கு முன் அவை ஒரே சீராக விழுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒரே அளவுக் கிண்ணங்களை 2 மீட்டருக்கு ஒன்றாக வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். மிகக் குறைவாக நிறைந்த கால் பங்குக் கிண்ணங்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் 75 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். 50 வந்தால், காய்ந்த மூலையை நனைக்க மற்ற இடங்களை ஊற வைக்கிறோம் என்று பொருள். காரணம் பெரும்பாலும் சிறியதுதான்: தேய்ந்த மூக்கு, சாய்ந்த தலை, தலையை மறைத்த புல், குழாயில் அழுத்தக் குறைவு.

மணல் நிலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மக்கும் பொருள் மணல் துகளின் மேல் மெழுகுபோலப் படிந்து நீரை ஏற்காமல் செய்துவிடும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் அந்தத் திட்டு காய்ந்தே கிடக்கும். மண்ணைக் குழாயில் குத்தி எடுத்து உலர்த்தி, சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்த்தால் எந்த ஆழத்தில் சிக்கல் என்று தெரியும். சொட்டு ஐந்து விநாடிக்கு மேல் முத்தாக நின்றால் அங்கேதான். கோடைக்கு முன்பே ஈரம் பிடிக்க வைக்கும் கரைசலைக் கொடுத்து, முள்கரண்டியால் துளையிட்டு நீர் விட வேண்டும். காய்ந்த பிறகு தொடங்கினால் இரண்டு மடங்கு நீர் போகும்.

சருகு மெத்தைதான் எல்லா நோய்க்கும் தாய்வீடு. மேல் 20 மில்லிமீட்டர் மண்ணை ஆய்வகத்தில் எரித்துப் பார்த்தால் மக்கும் பொருள் 4 முதல் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் உள்ளீடற்ற ஊசிகளால் மண்ணைக் குத்தி எடுத்து, துளையை மணலால் நிரப்புகிறோம். 10 மில்லிமீட்டர் ஊசியை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இறக்கினால் பரப்பில் 3 சதவீதம்தான் வெளியேறும். எனவே ஒரே தடவையில் சரியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ மணலை அடிக்கடி தூவித் தேய்ப்பது அதைவிடப் பயன் தரும். மணல் கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள், ஏற்கெனவே உள்ள மணலோடு ஒத்ததாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு மணலைத் தூவினால் இரண்டும் தனித்தனி அடுக்காகும். நீர் அந்த எல்லையில் தேங்கும், வேரும் அங்கேயே நின்றுவிடும்.

இலையுதிர் காலத்தில் பூஞ்சைத் திட்டுகள் வரும். மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன: விடியற்காலையில் நீண்ட வளையும் கழியால் பனித்துளியைத் தட்டிவிடுவது, கிழக்கு வெயிலை மறைக்கும் கிளைகளைக் கழிப்பது, பருவத்தின் இறுதியில் தழைச்சத்தை நிறுத்துவது. இலை ஈரமாக இருக்கும் மணி நேரத்தைக் குறைத்தால் பூஞ்சைக்கு வாய்ப்பும் குறையும்.

பூச்சியில் பெரிய கவலை லெதர்ஜாக்கெட். நீண்ட கால்களுள்ள கிரேன் ஈயின் புழு அது. கோடை முடிவில் ஈ முட்டையிடும். வசந்தம் வரை புழு வேரைத் தின்னும். அதைத் தேடி வரும் காக்கைகள் தரையையே கிழித்துவிடும். முன்பு குளோர்பைரிஃபாஸ் அடித்தார்கள். 2016-இல் பிரிட்டன் அதைப் புல்தரையில் நிறுத்தியது. இப்போது மாலையில் கிரீன்மேல் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, விடியலில் எடுக்கிறோம். இருளை நம்பி மேலே வந்த புழுக்களைப் பெருக்கி எடுக்கலாம், பறவைகளுக்கும் விடலாம். எத்தனை இருக்கின்றன என்ற கணக்கும் கிடைத்துவிடும். அடுத்த ஆயுதம் நூற்புழு. நம் வயலில் வேரைக் கெடுக்கும் இனம் வேறு. ஸ்டைனர்நீமா ஃபெல்டியே என்ற இனம் இந்தப் புழுவின் உடலுக்குள் புகுந்து கொல்லும். உயிருள்ள சரக்கு என்பதை மறந்தால் பணம் வீண். மண் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் செப்டம்பரில், முன்பே தரையை நனைத்து, மாலையில் தெளிக்க வேண்டும். தெளிப்பானின் நுண்வடிகட்டிகளைக் கழற்றி, அழுத்தத்தைக் குறைத்து, தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தெளித்த உடனே நீர் விட்டு உள்ளே இறக்க வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். புழு பருத்துவிட்ட வசந்தத்தில் தெளிப்பவர்களுக்குப் பலன் குறைவு.

மண்புழுவை நாங்கள் எதிரியாக எண்ணுவதில்லை. அது தள்ளும் ஈர மண்ணுருண்டை மட்டுமே இடைஞ்சல். வெட்டிய புல்லை அங்கேயே விடாமல் அள்ளி, உருண்டை காய்ந்ததும் துடைப்பத்தால் கலைத்துவிட்டால் போதும். காயும் முன் உருளை ஓட்டினால் சேறாகப் பூசிக்கொள்ளும்.

ரஃப் பகுதியில் உழைப்பு குறைவு, பலன் மிகுதி. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இயந்திரம் போகாது. வானம்பாடி தரையில் கூடு கட்டும் காலம். செப்டம்பரில் ஒரு முறை வெட்டி, வெட்டியதைக் கட்டாயம் அள்ளிவிட வேண்டும். அங்கேயே விட்டால் அது உரமாகி, முரட்டுப் புல் எழுந்து காட்டுப் பூக்களை அமுக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கை ஆண்டு மாற்றி வெட்டாமல் விட்டால் பூச்சிகள் குளிரைக் கடக்க இடம் கிடைக்கும். யெல்லோ ராட்டில் என்ற செடி புல்லின் வேரை உறிஞ்சி அதை மெலியவைக்கும். கீறிய மண்ணில் இலையுதிர் காலத்தில் விதைத்தால்தான் குளிர்பட்டு முளைக்கும்.

அள்ளிய புல்லைப் புதருக்குள் கொட்டினால் அடுத்த ஆண்டு காஞ்சொறி முளைக்கும். குட்டை ஓரத்தில் கொட்டினால் நீர் பச்சைப் பாசியாகும். ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு பங்கு மரச்சீவல் கலந்து புரட்டிப் புரட்டி மட்க வைக்கிறோம்.

மிதிபடுவதும் புல்லுக்கு நோய்போலத்தான். பக்கத்து ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டமே இல்லை, தரைக்கு ஓய்வு. ஊர் மக்கள் நாயோடு நடந்து போவார்கள். உறைபனிக் காலையில் கிரீனை மூடுகிறோம். உறைந்த இலையை மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்து காலடித் தடம் கறுத்துவிடும். அதைவிடக் கெடுதல், மேலே இளகிக் கீழே உறைந்திருக்கும் வேளை. மேல்மண் வழுக்கி வேரை அறுக்கும். அப்போது ஃபேர்வேயில் தற்காலிகக் குழி போடுவோம்.

தம்பி இந்த வேலைக்கு வர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் உருளைக் கத்தி தீட்டப் பழகட்டும். கிரீனை 4 மில்லிமீட்டரில் வெட்டும் கத்தி, செய்தித்தாள் துண்டை அதன் நீளம் முழுவதும் எந்த இடத்தில் வைத்தாலும் நறுக்க வேண்டும். தாள் மடிந்தாலோ கிழிந்தாலோ உருளைக் கத்திக்கும் கீழ்க் கத்திக்கும் உள்ள இடைவெளியைத் திருத்த வேண்டும். மழுங்கிய கத்தி இலையைப் பிய்க்கும், நுனி வெளுக்கும், அந்தப் புண் வழியாக நீர் போகும், பூஞ்சை வரும். அதன் பிறகு உரம், நீர், மருந்து எதைச் சிக்கனம் பிடித்தும் பயனில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்