போர்வை முடிந்துவிட்டது, கண்ணு

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சூப்பர்ம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் போர்வை முடிந்துவிட்டது. 2012ல் நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது ஆரம்பித்தேனே, அதேதான். கோயம்புத்தூர் வெயிலுக்கு எதற்குப் போர்வை என்று அப்பா அப்போதே கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

உன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள், அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி, அம்மிச்சி ஒரு தடவைகூடக் கட்டாமல் வைத்திருந்த அரக்குச் சுங்குடிச் சேலை, எல்லாவற்றையும் ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினேன். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக ஆறு நிற்கும். குறுக்கே 9, நெடுக்கே 12, மொத்தம் 108. வேண்டுதல் எதுவும் இல்லை, கணக்கு அப்படி வந்தது.

ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் நேரமில்லை என்றே சொல்லி வந்தேன். பொய். ஏழு வரிசை மிஷினில் இணைத்து முடித்ததும் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு தரம் அலசினேன். புதுச் சுங்குடி சாயம் விடும், தனியாக நாலு தண்ணீர் நனைத்துவிட்டு அப்புறம் வெட்டு என்று அம்மிச்சி சொல்லித்தான் இருந்தாள். பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை என்று சொல்கிறவள், அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். வாளித் தண்ணீர் பீட்ரூட் வேக வைத்த மாதிரி ஆகிவிட்டது. உன் வெள்ளைச் சட்டைச் சதுரமெல்லாம் பஞ்சுமிட்டாய் நிறம். உப்புத் தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மிச்சியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சுருட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பீரோ மேல் ஏற்றினேன், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த ஜூன் மழையில் பெட்டியில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று அப்பா இறக்கினார். விரித்துப் பார்த்தால், அந்த ரோஸ் நிறம் அப்படியொன்றும் மோசமில்லை, கண்ணு. இதற்காகவா இத்தனை வருஷம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. மீதி ஐந்து வரிசைக்குச் சுங்குடியை ஒழுங்காக நனைத்து வெட்டினேன். அதனால் மேலே ஏழு வரிசை ரோஸ், கீழே ஐந்து வெள்ளை. யாராவது கேட்டால் டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடுவில் வைக்கப் பழைய கம்பளி, அடியில் பழைய பெட்ஷீட். மூன்றையும் சேர்த்துக் கையால்தான் தைத்தேன். மூலையிலிருந்து ஆரம்பித்து, நடுவில் வந்து துணி புடைத்துக்கொண்டு, அத்தனையும் பிரித்தேன். நடுவில் தொடங்கி வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஊசி வாங்க அப்பாவை அனுப்பினால், தடித்த துணிக்குப் பெரிய ஊசி வேண்டும் என்று அவராகவே முடிவு பண்ணிப் பெரிய நம்பராகப் பார்த்து வாங்கி வந்தார். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பது தெரியவில்லை! 1949லிருந்து ஊசி செய்கிற ஃபேக்டரி நம் நீலகிரிக் கேத்தியிலேயே இருக்கிறது, இவர் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான்.

மூன்றாவது வரிசையில் ஒரு சதுரம் உன் சட்டைப் பாக்கெட் இருந்த இடம். பாக்கெட்டைப் பிரித்த தையல் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், ஓரத்தில் பேனா கசிந்த நீலக் கறை. எத்தனை சோப்புக்கும் போகாமல் என்னிடம் அடி வாங்கிக் கொடுத்ததே, அதுதான். அத்தனை ரோஸிலும் அது மட்டும் நீலமாகவே நிற்கிறது. அதைச் சுற்றி மட்டும் தையலை இரண்டு ஓட்டாகப் போட்டேன்.

சென்னைக்குக் கூரியரில் அனுப்ப மாட்டேன். ஃபேன் காற்றில் படுப்பவனுக்கு எதற்கு? உன் கட்டில் மேல்தான் போடப் போகிறேன். தை மாதம் வா, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழும்போது போர்த்திப் பார்த்துச் சொல்.

நேற்று தைரியமாக இன்னொரு தரம் அலசினேன். சாயம் போகவில்லை. ஆனால் உள்ளே கம்பளி தண்ணீரைக் குடித்துவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிக் கொடியில் போட்டோம். இந்த ஐப்பசி மழையில் எப்போது காயுமோ தெரியாது. நீ டிக்கெட் போட்டதும் சொல், அதற்குள் காய்ந்துவிடும்.

அம்மா