பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

ஊத்தான் மெலிந்தாங்,
ஞாயிறு மத்தியானம்.

பாப்பா,

நானும் அம்மாவும் சின்னவனும் சுகம். நீ சுகம்தானே? பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாயா? போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தாள் வாங்கி எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சின்னவன் லோரி லைசென்ஸ் எடுக்க அலைகிறான். ஆலைக்குப் பின்னால் இருந்த நம் பழைய லயத்து வீடுகளை இடித்துச் செம்பனைக் கன்று வைத்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் வேப்பமரமும்தான் மிச்சம். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்குப் பெரியம்மா வீட்டார் எல்லாரும் வருகிறார்களாம். நீ வருவாயா என்று கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். பட்டர்வொர்த் வீட்டார் பேச்சை நான் எடுக்க மாட்டேன். அம்மாவையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதமாக நீ போன் எடுப்பதில்லை. ‘சாப்டேன்மா’ என்று அம்மாவுக்கு எழுதி அனுப்புகிறாய். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவாள். தீபாவளிக்கும் நீ வரவில்லை. உன் பங்கு அதிரசத்தை மைலோ டின்னில் போட்டு வைத்துப் பொங்கல் வரைக்கும் யாரையும் தொட விடவில்லை உன் அம்மா. பூசணம் பிடித்த பிறகு கோழிக்குப் போட்டாள். இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குத்திக் காட்டத்தான் எழுதினேன். பெற்றவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சின்னவன் பினாங்கில் உன் அறைக்கு வந்துவிட்டுப் போனானே, அவன் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காதில் பஞ்சு மாதிரி ஒன்றைச் செருகி, அதன்மேல் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் சமைக்கிறாயாம், தூங்குகிறாயாம். ஜன்னல் இடுக்கில் துணி திணித்து வைத்திருக்கிறாயாம். அவன் உன்னோடு சாப்பிட உட்கார்ந்தபோது நீ தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாயாம். பாப்பா, காதை எந்நேரமும் அடைத்து வைக்காதே. எரிச்சலில் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

போன மாதம் ஈப்போவில் காது பார்த்தேன். 27 வருடம் பாய்லர் பக்கத்தில் நின்ற காது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, 1989-ல் வந்த விதிப்படி, எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம் என்றிருந்தது. 2019-ல் வந்த புதிய விதியில் அதை 85 ஆகக் குறைத்தார்கள். காதுக் கவசம் கொடுத்தார்கள். நான்தான் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். செம்பனைப் பழம் வேகவைக்கும் சிலிண்டரில் நீராவியைத் திறந்து விடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதையெல்லாம் ஆண்பிள்ளைத்தனம் என்று நினைத்திருந்தேன். உள்காதில் இருக்கும் மெல்லிய மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காதாம். என் பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது.

பரிசோதித்த பெண் நம் தமிழ்ப்பெண்தான், உன் வயது இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, “என் மகளுக்கு இதற்கு நேர் மாறு, அவளுக்கு எல்லாம் கூடுதலாகக் கேட்கும்” என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்குமா, இல்லை சில சத்தம் மட்டும் தாங்காதா?” என்று கேட்டாள். 16 வருடத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை.

எல்லாச் சத்தமும் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக, வலியாகக்கூடக் கேட்பதற்கு ஹைப்பரகூசிஸ் என்று பெயர். மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது, பேனாவை டிக் டிக் என்று அமுக்குவது மாதிரி குறிப்பிட்ட சத்தங்கள் மட்டும், அவை எவ்வளவு மெதுவாக இருந்தாலும், உடம்பை உலுக்கி எடுப்பது மிசோபோனியா. சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும். மிசோபோனியா என்ற பெயரை 2001-ல்தான் ஜஸ்ட்ரெபாஃப் என்ற கணவனும் மனைவியும் வைத்தார்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கும், வெளியாளைவிடக் கூட இருக்கும் ஆளின் சத்தம்தான் அதிகம் வதைக்கும் என்றாள். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உறுமி மேளம் ஞாபகம் இருக்கிறதா? காவடிக்கு முன்னால் ஆறு உறுமி சேர்ந்து அடிக்கும்போது முதல் வரிசையில் நின்று கைதட்டுவாய். அதைத்தான் நான் உனக்கு எதிராக வைத்துக்கொண்டேன். ‘உறுமிக்கு அசையாத காதுக்கு அப்பன் கோப்பி குடிக்கிறது மட்டும் கேட்குதா’ என்று ஊர் முன்னால் கேட்டேன். நீ படிவம் மூன்று படிக்கும்போது உனக்குக் காது சோதித்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்களே, அந்தக் காகிதத்தை உன் முகத்துக்கு நேராக ஆட்டினேன். இது உள்ளவர்களுக்குக் காது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்குமாம். சத்தம் காதுக்குள் போன பிறகு மூளையில் நடக்கிற விஷயம் இது.

அந்தப் பெண் கொடுத்த தாளைச் சின்னவன் எனக்குப் படித்து விளக்கினான். இங்கிலாந்தில் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் 2017-ல் இப்படிப்பட்டவர்களை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் மூளையில் இன்சுலா என்ற பகுதி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, தோல் வியர்க்கிறது. 2021-ல் அதே குழு இன்னொன்று கண்டது. எதிரே ஒருவர் மெல்லும்போது, கேட்பவரின் மூளையில் வாயையும் முகத்தையும் அசைக்கிற பகுதியும் கூடவே கிளர்ந்து எழுகிறது. அடுத்தவன் வாய் நம் வாய்க்குள் புகுந்துவிட்ட மாதிரி. நீ பதினாலு வயதில் பாட்டியிடம் அழுதுகொண்டே சொன்னாய், “அப்பா என் வாய்க்குள்ள மெல்லுறாரு பாட்டி” என்று. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

இதுதான் முக்கியம், மறுபடி சொல்கிறேன். காதை எந்நேரமும் அடைக்காதே. ரேடியோவில் சத்தம் வராவிட்டால் நாம் குமிழைத் திருகி ஏற்றுகிற மாதிரி, வெளிச்சத்தம் இல்லாமல் போனால் மூளை தானே கேட்கிற அளவை ஏற்றிக்கொள்ளுமாம். அடைக்க அடைக்கக் கூசும். டிரில் போடுகிற இடம், ஆலை மாதிரி இடம் என்றால் அடைத்துக்கொள். வீட்டில் காற்றாடி ஓடட்டும், மழைச் சத்தம் மெதுவாக வைத்துக்கொள். இதற்கென்று பேசிப் பேசிப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது, மனநல நிபுணர் தருவார், பலருக்குக் குறைகிறது. ஒரேயடியாகப் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. பணம் நான் தருகிறேன். பெர்கேசோ தொழிலாளர் காப்புறுதியில் என் காதுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், வந்தால் அது உனக்குத்தான்.

இனி கடிதம் எழுதிய காரணம். இரண்டாம் தடவை போனபோது காதுக் கருவி மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். கீரை, சம்பால், அப்பளம். அப்பளத்தைக் கடித்தேன், மண்டைக்குள் ஓடு உடைகிற மாதிரி இருந்தது. ரசத்தை உறிஞ்சினேன். பல்செட் கடகடத்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஈரமாக ஒரு சத்தம். முதலில் நாய்தான் மேசைக்கு அடியில் எதையோ தின்கிறது என்று குனிந்து பார்த்தேன். நாய் வெளியில் கிடந்தது. அம்மா, “என்னங்க?” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் இதன் எதிரில் உன்னை உட்கார வைத்திருக்கிறேன். போனில் பேசினால் இந்தப் பல்செட் உனக்குக் கேட்கும். தாளில் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். முடிக்க முடியவில்லை, பாப்பா.

நீ ஆறாம் ஆண்டு, யு.பி.எஸ்.ஆர். பரீட்சை எழுதிய வருடம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு. பாட்டி முறுக்கு சுட்டு முடித்திருந்தாள். நான் ஒரு முறுக்கைக் கடித்ததும் நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாய். பெரியம்மா, மாமா எல்லாரும் இருந்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. உன் இரண்டு கையையும் இழுத்து என் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உன் காதோரமாகக் குனிந்து முறுக்கைக் கடித்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. பழகிப்போகும் என்று மாமாவிடம் சொன்னேன். அம்மா, “போதும், விடுங்க” என்றாள். நீ அழவில்லை. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் மணிக்கட்டு என் விரலுக்குள் இருந்தது. நாடி அடித்தது, பிடித்த கோழிக்குத் துடிக்குமே, அந்த மாதிரி. நடிக்கிற பிள்ளைக்கு நாடி அப்படி அடிக்குமா? எந்த ஸ்கேனும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. என் விரலுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் மூன்றாவது முறுக்கை எடுத்தேன். பிள்ளைக்குத் திமிர் என்று வருடக்கணக்கில் பேசியதெல்லாம், இந்த ஒன்றை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு நீ என்னவெல்லாம் செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து ஆலை வாசலில் நின்றுகொண்டு, “அப்பா, அந்தக் கடைசி மோட்டார் விசில் அடிக்குது” என்றாய். எங்களில் ஒருவனுக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அதன் பேரிங் தேய்ந்து நின்றுபோனது. அந்தக் கதையை ஆலையில் நான் சொல்லாத ஆள் இல்லை. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நீ என்பதையும் சொல்லாத ஆள் இல்லை. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று நேற்றுத்தான் பிடிபட்டது. லயத்து வீட்டில் மழை பெய்தால் நீ எங்களோடு உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவாய். ‘மழை வந்தா பாப்பாவுக்குப் பசிக்கும்’ என்பாள் அம்மா. ஜிங்க் கூரையில் மழை கொட்டினால் என் வாய் உனக்குக் கேட்டிருக்காது. நேற்று மாலை இங்கே மழை பிடித்தது. இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் ஓட்டுக்கூரை, உள்ளே மழை கேட்பதே இல்லை. அதனால் பின்கட்டில், அம்மா துணி காயப்போடுகிற இடத்தில், ஜிங்க் தகரம் போடச் சொல்லி ஆள் பார்த்திருக்கிறேன். 900 வெள்ளி கேட்கிறான். மேசை அங்கே போட்டுக்கொள்ளலாம், ஒரு காற்றாடியும் வைக்கலாம். மழை இல்லாத நாளில் நீ முதலில் சாப்பிடு, நாங்கள் பிறகு சாப்பிடுகிறோம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் படு. காதை அடைத்துக்கொண்டு தூங்காதே. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடாதே, கொசு கடிக்கும்.

அப்பா

பி.கு. பட்டர்வொர்த் வீட்டாருக்குத் தை மாதம் நம் வீட்டில் இலை போட்டோமே, அன்று நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். அந்தத் தம்பி ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். உன் விரல்கள் இலை ஓரத்தை மடித்து மடித்து நாராகக் கிழித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டேன். போன வாரம் அவர் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. “நான் என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க மாமா” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நீ ஒரு வரி எழுதிப் போடு. வேண்டாம் என்றால் அதையும் எழுதிப் போடு.