மூன்று முறை இரண்டாமிடம்

வெள்ளவத்தை,
ஜூன் 2025

அன்புள்ள ரவி,

பதில் பிந்தியதற்கு ஏசாதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். மூத்தவன் ஓ/எல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். நம்ம கூட்டாளி மொட்டை இன்னும் அந்தக் காசைத் திருப்பித் தரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் எங்கள் ஆர்சனல் மூன்று வருடமும் இரண்டாமிடம், பயிற்சியாளர் ஆர்டெட்டாவை அனுப்பத்தானே வேணும்?’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரி போதாது மச்சான்.

பழைய பயிற்சியாளர் வெங்கரின் நாலாமிடங்களைப் பற்றி நீ பம்பலப்பிட்டி பிளாட்ஸ் படிக்கட்டில் நின்று கத்தியது மூன்றாம் மாடிவரை கேட்டது. 20 பருவங்கள் தொடர்ந்து எங்களை முதல் நான்கு இடங்களுக்குள் வைத்திருந்த மனிதர். 2018இல் அவர் போனார். அடுத்த பருவம் ஐந்தாமிடம், அப்புறம் இரண்டு முறை எட்டாமிடம். அந்த எட்டில் ஆர்டெட்டாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கிருந்து மேலே தூக்கியதும் அவர்தானே?

நீ மூன்று வருடத்தையும் ஒரே தராசில் போடுகிறாய். 2022-23இல் 84 புள்ளி. பருவத்தின் பெரும்பகுதி நாங்கள்தான் முதலிடம். மார்ச்சில் பின்வரிசைச் சலிபாவுக்கு முதுகில் காயம், அதோடு எல்லாம் சரிந்தது. சரி, விடு. 2023-24இல் 89 புள்ளி, 28 வெற்றி. 2003-04இல் ஒரு போட்டிகூடத் தோற்காத எங்கள் அணிக்கே 26 வெற்றியும் 90 புள்ளியும்தான்! மான்செஸ்டர் சிட்டி 91 எடுத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? அந்த வருடத்துக்காக அவரைக் குறை சொல்ல என் வாய் வராது.

எனக்கு வயிறு எரிவது இந்த வருடம்தான். சிட்டி 71 புள்ளியோடு விழுந்து கிடந்தது. லிவர்பூலுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஸ்லொட் 84 புள்ளியோடு கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். எங்களுக்கு 74. பதினான்கு போட்டிகள் சமநிலை, யோசித்துப் பார்! சாகா, ஜேசுஸ், ஹாவெர்ட்ஸ் என்று முன்னால் ஆடுபவர்களுக்கு வரிசையாகக் காயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜனவரியில் கோல் அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கரையும் வாங்காமல், மத்தியில் ஆடும் மெரினோவை முன்னால் நிறுத்தியது காயத்தின் குற்றமா? ஒரு கோல் அடித்ததும் பின்வாங்கிக் காவல் காக்கிற அந்தப் பழக்கம் யார் சொல்லிக்கொடுத்தது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் றியல் மட்ரிட்டை வென்றதை நினைத்தால் கோபம் பாதி போய்விடுகிறது. எங்கள் ரைஸ் அடித்த இரண்டாவது ஃப்ரீ கிக்குக்கு நான் போட்ட சத்தத்தில் முன் வீட்டு லைட் எரிந்தது. இங்கே அப்போது நடுச்சாமம் தாண்டி எவ்வளவோ நேரம். பிறகு அரையிறுதியில் பாரிஸ் எங்களை வீட்டுக்கு அனுப்பியது, அது வேறு கதை.

ஆர்டெட்டா கையில் இருப்பது 2020 எஃப்.ஏ. கிண்ணம் ஒன்றுதான். பருவத் தொடக்கத்தில் ஒரே போட்டியாக ஆடும் கம்யூனிட்டி ஷீல்டை நான் கணக்கில் எடுப்பதில்லை, நீயும் எடுக்காதே. ஆனாலும் இப்போது அனுப்பச் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரைக் கொடுத்து இன்னும் ஒரு பருவம் பார்க்கலாம். 89 எடுத்து இரண்டாமிடம் வந்தால் அவருக்காக உன்னோடு சண்டை பிடிப்பேன். 74 எடுத்து வந்தால், நீயே பெட்டியைக் கட்டு, நான் விமான நிலையம்வரை தூக்கி வருகிறேன்.

ஆகஸ்டில் நீ வருவது உறுதியா? டிக்கெட் போட்டதும் எழுது. மொட்டை லிவர்பூல் ஜேர்சியோடு வாசலுக்கு வருகிறான். காசைக் கொண்டுவந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
குமார்