தோற்பவரையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறை மல்யுத்தத்தின் பல்வேறு காலகட்டங்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1997 முதல் 2001 வரையிலான 'ஆட்டிட்யூட்' காலம்தான் உச்சம், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சரிவு என்கிறார் கட்டுரையாளர். அதற்கு அவர் சொல்லும் முக்கியமான காரணம், எல்லாம் முன்பே பேசி வைத்து நடத்துவது என்று ரசிகர்களுக்குத் தெரிந்துபோய்விட்டதாம், அதனால் பழைய பதைப்பு இல்லையாம். மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டின் அரங்குக்குள் வரும்போது ஒலிக்கும் கண்ணாடி உடையும் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து நின்ற தலைமுறைதான் நானும். ஆனாலும் இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ரகசியம் வெளிவந்தது நேற்றோ முந்தாநாளோ இல்லை. மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காக, இது போட்டி அல்ல, கேளிக்கைதான் என்று வின்ஸ் மெக்மேனின் நிறுவனமே (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) 1989இல் நியூ ஜெர்சி செனட்டிடம் சொல்லிவிட்டது. கட்டுரையாளர் கொண்டாடும் காலம் அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான் தொடங்குகிறது. தெரிந்துகொண்டேதான் அன்றும் கத்தினோம்.

இரண்டு மௌனங்களைச் சொல்கிறேன். 1971 ஜனவரி 18, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். ஏழு வருஷம் எட்டு மாதம் சாம்பியனாக இருந்த புருனோ சாமார்டினோவை மேல் கயிற்றிலிருந்து குதித்து முழங்காலால் தாக்கி வீழ்த்தினார் ஐவன் கோலாஃப். தோள்கள் தரையில் பதிந்திருக்க நடுவர் மூன்று எண்ணி முடித்ததும், அதாவது தோல்வி உறுதியானதும், அரங்கம் அப்படியே உறைந்துபோனது. தன் காதுதான் கேட்காமல் போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்ததாக சாமார்டினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்தது 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் இருபத்தொரு முறை தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்துகிறார். மறுபடியும் அதே மௌனம். வாயைப் பிளந்தபடி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்த ரசிகர்களின் முகங்களை கேமரா ஒவ்வொன்றாகக் காட்டியது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் இது எழுதி வைத்த முடிவு என்று தெரியும். இடையில் நாற்பத்து மூன்று வருஷம் ஓடியிருக்கிறது, ரகசியமும் எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த மௌனம் போகவில்லை.

ஆகவே காலங்களை ஒப்பிட வேறு அளவுகோல் வேண்டும் என்பேன். ஒரு காலம் தோல்வியை எப்படி நடத்தியது, அடி வாங்குபவருக்கு என்ன மதிப்புக் கொடுத்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன். இந்தக் கலையில் அடிப்பவரை விட அடி வாங்குபவரின் வேலை பெரியது. அந்த வட்டாரத்தில் அதை 'செல்லிங்' என்பார்கள். வலி நிஜம் என்று நம்மை நம்பவைப்பது அது. ரிக் ஃபிளேர் அடி வாங்கிய பிறகு நாலடி தள்ளாடி நடந்து, பிறகு முகம் தரையில் அறைய விழுவாரே, அந்த நாலடிக்குள் எதிராளி எவ்வளவு பலசாலி என்று நமக்குப் புரிந்துவிடும். 1989இல் மூன்று மாதத்துக்குள் ரிக்கி ஸ்டீம்போட்டுடன் அவர் ஆடிய மூன்று பட்டப் போட்டிகளில் நடுவில் வந்தது ஏறக்குறைய ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. ஒரு இடத்திலும் அலுக்காது.

ஹல்க் ஹோகன் கோலோச்சிய எண்பதுகளைக் கட்டுரையாளர் 'குழந்தைகளுக்கான சர்க்கஸ்' என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டார். 1987 ரெசில்மேனியாவில் ஹோகன் ராட்சத உருவம் கொண்ட ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தூக்கியவரைப் போலவே, தூக்க விட்டவரும் என் கண்ணில் படுகிறார். ஆந்த்ரேயின் முதுகு அப்போதே கெட்டுப்போயிருந்தது, உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டுதான் ரிங்குக்குள் வந்தார். அந்த உடம்போடு தரையில் விழ ஒப்புக்கொண்டதால்தான் ஹோகன் ஹோகனானார். அதே இரவில் ராண்டி சாவேஜும் ஸ்டீம்போட்டும் ஆடியது வேறு ரகம். முந்தைய நவம்பரில், சண்டை தொடங்க அடிக்கும் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியிருந்தார் சாவேஜ். அந்தக் கணக்கைத் தீர்க்க நாலு மாதம் நம்மைக் காத்திருக்க வைத்தார்கள். ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் சாவேஜ். பதினைந்து நிமிடம்கூட இல்லாத அந்தச் சண்டையில் இனி முடிந்தது, இனி முடிந்தது என்று எத்தனை முறை நினைக்க வைக்கிறார்கள்!

இனி ஆட்டிட்யூட் காலம். என்னைக் கேட்டால் அதன் ஆகச்சிறந்த சண்டை, அந்தக் காலம் தொடங்கும் வாசலிலேயே நடந்துவிட்டது. 1997 மார்ச் 23, ரெசில்மேனியா 13, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். எதிராளி 'போதும்' என்று ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. கடைசி நிமிடங்களைப் போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிரெட் தன் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டு ஆஸ்டினின் கால்களை முறுக்கி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் பல்லிடுக்கு வரை இறங்குகிறது. கைகளை ஊன்றி உடம்பை எழுப்புகிறார், பிரெட் கிட்டத்தட்டக் கவிழ்கிறார், ஆனால் பிடி விடவில்லை. ஆஸ்டின் கத்துகிறார், ஆனால் 'போதும்' என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரவே இல்லை. மெல்ல முகம் தரையில் சாய்ந்து நினைவு போகிறது. நடுவராக இருந்த கென் ஷாம்ராக் சண்டையை நிறுத்துகிறார். நல்லவனாக உள்ளே வந்த பிரெட், மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி அடிக்கப் போய்க் கெட்டவனாகிறார். கெட்டவனாக வந்த ஆஸ்டின், தாங்கிப் பிடிக்க வந்தவரை உதறிவிட்டு நொண்டி நொண்டித் தனியாக நடந்து போகிறார், அரங்கமே அவர் பெயரைச் சொல்கிறது. தோற்றவர்தான் அடுத்த நாலு வருஷத்தின் நாயகன்.

இதைச் செய்து காட்டிய அதே காலம் பிறகு அந்தப் பொறுமையைத் தொலைத்தது. 1999 என்ற ஒரே வருஷத்தில் முதன்மைப் பட்டம் பத்து முறைக்கும் மேல் கைமாறியது, முதலாளி வின்ஸ் மெக்மேனே ஒரு முறை சாம்பியனானார். பெல்ட்டை இழப்பதற்கு என்ன மதிப்பு மிச்சமிருக்கும்? திங்கட்கிழமைதோறும் எதிர் சேனலின் நைட்ரோ என்ற மல்யுத்த நிகழ்ச்சியை முந்த வேண்டும் என்ற ஓட்டத்தில், டிவியில் வரும் பல சண்டைகள் ரசிகன் நிமிர்ந்து உட்காரும் முன்பே முடிந்துவிடும். பெண்களுக்கு எதிராளியின் 'ஈவ்னிங் கவுனை'க் கிழிக்கும் 'போட்டி' வைத்தார்கள். இதைக் கட்டுரையாளர் 'துணிச்சல்' என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொன்று அதைவிடக் கனமானது. 1998 ஜூனில் பதினாறு அடிக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி வர்ணனையாளர் மேசை மீது எறியப்பட்டதைக் கட்டுரையாளர் 'மறக்க முடியாத பொழுதுபோக்கு' என்கிறார். அன்று கூண்டின் கூரை பெயர்ந்து அவர் உள்ளே விழுந்தது திட்டத்திலேயே இல்லாத விபத்து. 1999 ஜனவரியில் கைவிலங்கு மாட்டிய ஃபோலியின் தலையில் 'தி ராக்' என்ற வீரர் பதினொரு முறை நாற்காலியால் அடித்தார். கைகளைத் தூக்கித் தடுக்கக்கூட வழியில்லை. ஃபோலியின் மனைவியும் பிள்ளைகளும் அரங்கில் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதே வருஷம் மே மாதம், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். வலியை நடித்துக் காட்டுவதுதான் இந்தக் கலை. அங்கே நடிப்பு நின்றுவிட்டது. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010இல் அந்த நிறுவனம் தடை செய்தபோது 'சாதுவாகிவிட்டது' என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

2008க்குப் பிறகான குடும்பப் படம் போன்ற வருஷங்களில் எனக்கும் பல வாரங்கள் சலித்ததுண்டு, மறைக்கவில்லை. ஆனால் 2015 அக்டோபரில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் ஆடிய முப்பது நிமிடச் சண்டையைக் கட்டுரையாளர் ஒருமுறை பார்க்க வேண்டும். முன்வரிசையில் இருந்த பெய்லியின் குட்டி ரசிகையின் தலைப்பட்டையைப் பிடுங்கிக்கொண்டு சாஷா கேலி செய்கிறார், அந்தச் சிறுமி தேம்பி அழுகிறாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு நாற்காலி இல்லை. அதற்குமேல் ஒரு வில்லி என்ன செய்துவிட முடியும்? நாலு வருஷத்தில், 2019 ரெசில்மேனியாவின் கடைசிச் சண்டையே பெண்களுடையதானது. ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்தபோது சாமார்டினோ காலத்துக் காத்திருப்பு ஓரளவு திரும்பி வந்தது. 2023இல் அவரிடம் தோற்ற கோடி ரோட்ஸ் அடுத்த வருஷம் வென்றபோது அந்த ஆரவாரத்துக்குக் காரணம் முந்தைய தோல்விதான்.

இன்றைக்கும் குறை உண்டு. ஜேக் ராபர்ட்ஸ் காலத்தில், எதிராளியின் தலையைத் தரையில் மோதவிடும் டிடிடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எழுந்தவரைப் பார்ப்பது அபூர்வம். இன்று அதே டிடிடியை வாங்கிவிட்டு இரண்டு நொடியில் எழுந்து ஓடுகிறார்கள். பெரிய சண்டைகளில், ஆட்டத்தை முடிக்கவென்றே வைத்திருக்கும் ஃபினிஷர் அடியை மூன்று நாலு முறை போட்டாலும் இரண்டு எண்ணும்போது தோளைத் தூக்கிவிடுகிறார்கள். முதல் முறை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இப்போது மூன்றாவது அடி வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். கட்டுரையாளர் இன்றைய காலத்தைக் கண்டிக்க வேண்டுமானால் இதைச் சொல்லிக் கண்டித்திருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்து இதுபற்றி எழுதும்போது, நட்சத்திரங்களை உயர்த்திக் காட்டவே வாரம் தவறாமல் டிவியில் தோற்றவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாரி ஹோரோவிட்ஸ் என்று ஒருவர் இருந்தார். யாரும் பாராட்டவில்லையென்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார், சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு கை வரைந்திருக்கும். வருஷக்கணக்காகத் தோற்ற அந்த மனிதர் 1995இல் ஒருநாள் ஸ்கிப் என்பவரைச் சுருட்டிப் போட்டு மூன்று எண்ண வைத்தார். 'ஹோரோவிட்ஸ் ஜெயித்துவிட்டார்' என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்